இரங்கலுக்குப் பின் மற்ற அலுவல்கள்

கண்டக்டரம்மாவின் வீட்டுக்காரர் குடைஸ்டாண்டாக மாறிப்போனதில் யார்மீதும் தவறில்லை என்பதில் மூத்த மந்திரவாதிகள் பேரவைக்குள் இரண்டாவது கருத்தே கிடையாது. பார்க்கப்போனால் தவறு கொஞ்சம் அவர் பக்கம்தான் என்று பேரவைச் செயலாளர் நாசூக்காகச் சொல்லியும் பார்த்தார். எலக்ட்ரீஷியன் என்றால் வந்தோமா, ஃபேனைக் கழற்றினோமா, போனோமா என்று இருக்க வேண்டும். ஏணி கிடைக்கவில்லை என்பதற்காக மேஜைமேல் ஏறி, இரண்டு கையையும் கூரைக்குத் தூக்கி, வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்றால், இரண்டு கண்ணிலும் புரை விழுந்த ஒரு பெரிய மனிதர் அவரை என்னவென்றுதான் நினைப்பார்?

மின்னலார் அவரை மரக்கட்டை என்று நினைத்தார்.

மின்னலார் பேரவையிலேயே மூத்தவர். வாலிபத்தில் விரலைச் சொடுக்கினால் வெட்டவெளியில் மின்னல் இறங்குமாம். இப்போது சொடுக்கினால் முட்டியில் சத்தம் வருகிறது. ஆனால் யார் என்ன கேட்டாலும் ஓடிப்போய்ச் செய்யும் நல்ல மனசு மட்டும் அப்படியே இருந்தது. வந்த வினையெல்லாம் அதனால்தான். அன்றைக்கு மழை. உறுப்பினர்களின் ஈரக்குடைகள் தரையெல்லாம் கிடந்தன. பேரவைத் தலைவர் ஒரு குடையில் கால் தடுக்கி, இன்னொரு குடையில் கையூன்றி எழுந்து, ஒரு ஸ்டாண்டுக்குக்கூட இந்தப் பேரவையில் நாதியில்லையா என்று கத்தினார். மின்னலார் உடனே கைத்தடியைத் தூக்கினார். புகை வந்தது. புகை விலகியபோது மேஜைமேல் எலக்ட்ரீஷியன் இல்லை. பளபளவென்று, நாலாபக்கமும் கொக்கி வைத்த ஒரு தேக்குக் குடைஸ்டாண்டு நின்றது.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பேரவையில் பலித்த முதல் மந்திரம் அது. மின்னலாரே பயந்துபோனார். அப்புறம் ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். வரிசையில் நின்று குடைகளை மாட்டினார்கள். அதற்கப்புறம்தான் ஒருவருக்கு, அப்படியானால் ஃபேனை யார் மாட்டுவது என்ற கவலை வந்தது.

கண்டக்டரம்மா கடைசி டிரிப் முடிந்து, தோளில் தொங்கிய தோல்பையோடு நேராக அங்கே வந்தாள். ஓடும் பஸ்ஸில் அவள் கேட்காத பொய் கிடையாது. செத்துப்போன மாமாவை ஒரே வாரத்தில் மூன்றுதரம் சாகடித்தவர்களையெல்லாம் பார்த்தவள். அதனால் செயலாளர் சொன்னதை அவள் நம்பவில்லை. ஸ்டாண்டின்மேல் கையை வைத்த பிறகுதான் நம்பினாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் இடதுபக்கமாகச் சாய்ந்து நின்றது. அவள் வீட்டுக்காரர் எங்கே நின்றாலும் இடதுகாலில்தான் பாரம் போடுவார்.

“ஏங்க” என்றாள் மெதுவாக.

ஒரு கொக்கி கிறீச்சிட்டது. தலைவரின் குடை கீழே விழுந்தது.

மறுநாள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனாள். மாமியார் ஸ்டாண்டை மேலும் கீழும் பார்த்தாள். “பொறந்ததுலேர்ந்து இவன் ஒரு எடத்துல நின்னதே இல்ல. இப்பவாவது நிக்கிறான்” என்றாள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஸ்டாண்டிலிருந்தும் இரண்டு சொட்டு விழுந்தது. அது குடைத்தண்ணீர் என்று செயலாளர் விளக்கினார். அன்றைக்கு மழை இல்லை.

இந்தச் செயலாளர் மந்திரம் எதுவும் தெரியாத மந்திரவாதி. விதிமுறைகள் மட்டும் தலைகீழாகத் தெரியும். அதனால் பேரவையில் எல்லோருக்கும் அவரிடம் ஒரு பயம். அவர் கண்டக்டரம்மாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்:

“பேரவைல கட்டின மந்திரத்தைப் பேரவைலதான் அவிழ்க்கணும். கட்டினவர்தான் அவிழ்க்கணும். அதுக்குப் பேரவை தீர்மானம் போட்டு உத்தரவு கொடுக்கணும். அவ்வளவுதாம்மா. ரொம்ப சுலபம்.”

“கட்டினவருக்கு ஏதாவது ஆயிட்டா?”

“மந்திரம் இறுகிடும். சிமென்டு மாதிரி. அப்புறம் அது ஸ்டாண்டுதான்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்: “நல்ல தேக்கும்மா. கவலைப்படாதீங்க.”

அடுத்த கூட்டத்தில் அவள் விஷயம்தான் முதலில் வரும் என்று வாக்குக் கொடுத்தார். இரங்கல் தீர்மானம் முடிந்த கையோடு.

பேரவை மாதம் ஒருமுறை கூடும். கண்டக்டரம்மா லீவு போட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில் மறைவார் என்ற உறுப்பினர் காலமாகியிருந்தார். மறைந்துபோகும் வித்தையில் பெயர்பெற்றவர் என்பதால், செத்துவிட்டாரா, மறைந்திருக்கிறாரா என்று வீட்டார் ரொம்ப நேரம் தெரியாமல் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். அவரைப் பற்றி ஒவ்வொருவரும் எழுந்து பேசினார்கள். பேச ஆரம்பித்ததை மறந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து பேசினார்கள். பிறகு மௌன அஞ்சலி. கண்ணை மூடி நின்றவர்களில் பாதிப்பேர் நின்றபடியே தூங்கிவிட்டார்கள். மௌனத்தை முடித்துவைக்க வேண்டிய தலைவரும் தூங்கிவிட்டதால் அஞ்சலி சாயங்காலம்வரை நீண்டது. பக்கத்துத் தெருவில் லாரி டயர் வெடித்ததால் கலைந்தது.

“மறைந்த உறுப்பினருக்கு மரியாதை செலுத்தும் விதமாக, வேறு அலுவல் எதுவும் இன்றிக் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது” என்றார் செயலாளர்.

கண்டக்டரம்மா எழுந்து நின்றாள். “ஐயா, என் விஷயம்?”

கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஒரு மனுஷர் போய்ச்சேர்ந்திருக்கும் நேரத்தில் குடைஸ்டாண்டைப் பற்றிப் பேசுவது நாகரிகமா என்று தலைவர் கேட்டார். அவள் சுற்றிலும் பார்த்தாள். நாகரிகமில்லை என்றுதான் எல்லோர் முகத்திலும் இருந்தது. அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மாதம் இன்னொருவர். அதற்கடுத்த மாதம் இரட்டையர் இருவரும் சேர்ந்தே. பேரவையில் ஆயுள் உறுப்பினர்கள் மட்டும்தான். அவர்களில் எவருக்கும் ஆயுள் அதிகம் மிச்சமில்லை. இரங்கல் தீர்மானத்தைத் தாண்டி ஒரு கூட்டமும் நடந்ததாக, இப்போது உயிரோடிருக்கும் எவருக்கும் நினைவில்லை. மழை கேட்டு விவசாயிகள் வைத்த கோரிக்கை அப்படியே நிற்கிறது. அந்த வயலெல்லாம் ஃபிளாட்டாகி, அங்கே குடியிருப்பவர்கள் மழைநீர் உள்ளே வராமலிருக்க ஒரு கோரிக்கை வைத்து, அதுவும் நிற்கிறது. தவளையாக்கப்பட்ட ஒரு தலைமையாசிரியர் பணிக்காலம் முடிந்து கிணற்றிலேயே ஓய்வுபெற்றுவிட்டார்.

இதெல்லாம் வெளியே பேச்சாகிறது என்று தெரிந்து, ஒரு கூட்டத்தில் தலைவர் இரங்கலுக்கு நடுவிலேயே பதில் சொன்னார். தலைவர் ஒரு காலத்தில் கடலையே அலை புரளாமல் நிறுத்திவைத்தவர். இப்போது கூட்டம் முடிகிறவரை எழுந்து வெளியே போகாமல் உட்கார்ந்திருப்பதே அவருக்குப் பெரிய சித்தி. அதனால் வேகமாகப் பேசினார்.

“பேரவை ஒண்ணுமே செய்யலைன்னு சில பேர் சொல்றாங்க. மறைஞ்சவங்களுக்கு மரியாதை செய்யறது ஒண்ணும் செய்யாததா? உயிரோட இருக்கறவங்களைக் கவனிக்க ஊர்ல ஆயிரம் ஆபீஸ் இருக்கு. அங்க போகட்டும். நம்மகிட்ட ஒருத்தர் வரணும்னா, அதுக்கு ஒரு தகுதி வேணும்.” கைதட்டல் முடிவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார்.

கண்டக்டரம்மா அன்று வீட்டுக்குப் போகாமல் ஸ்டாண்டின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். அவள் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. யோசனையும் பெரிய யோசனை அல்ல. யாராவது செத்தால்தானே ஒத்திவைக்கிறார்கள்? ஒரே ஒரு மாதம் ஒருவரும் சாகாமல் பார்த்துக்கொண்டால்?

மறுநாள் சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, பேரவையின் ஓய்வில்லத்துக்குப் போய் நின்றாள். உறுப்பினர்கள் அத்தனைபேரும் குடியிருப்பது அங்கேதான்: நீளமான வராந்தா, இருபக்கமும் அறைகள், எல்லாக் கதவிலும் ‘தொந்தரவு செய்தால் கல்லாக்கப்படுவீர்’ என்ற பலகை. அவள் கல்லாகவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள்.

அதிலிருந்து தினமும் காலையில் மந்திரவாதிகள் வரிசையாக நடந்தார்கள். “படில நிக்காதீங்க, உள்ள வாங்க, உள்ள வாங்க. ஐயா, முன்னாடி எடம் இருக்கில்ல, நகருங்க.” முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். மதியம் உப்பில்லாத காய்கறி சூப். அதைக் கொட்டிவிட்டுப் பேக்கரி பஃப்ஸ் தின்னத் துணிந்த ஒருவர், மறையும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டார், அரைகுறையாகத்தான் பலித்தது. வராந்தாவில் வாய் மட்டும் தனியாக மென்றுகொண்டு போனதை அவள் கையும் களவுமாகப் பிடித்தாள். பறப்பார் என்பவர் பிறந்தநாளன்று இரண்டாவது மாடியிலிருந்து பறந்து காட்டுவதாக அறிவித்தபோது, அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டாள். மருந்துக்கடை மாத்திரையை விழுங்க மாட்டோம், எங்கள் கஷாயம்தான் என்றார்கள். கஷாயக் குப்பிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றிலிருந்து ஏதோ இருமியது. மூடி வைத்துவிட்டு, மாத்திரையைச் சூப்பில் கரைத்தாள்.

மாமியாரும் வந்து சேர்ந்துகொண்டாள். மின்னலார் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் கண்ணசந்தால் மூக்குக்குக் கீழே கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. கண்ணாடியில் ஆவி படியாவிட்டால் ஒரு கிள்ளு.

மின்னலாருக்கு இந்தக் கவனிப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கிள்ளுகூடப் பிடித்தது. பெற்ற மகள்கூடத் தன்னை இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று சொல்லிச் சொல்லி உருகினார். ஒருநாள் சூப்பு ஸ்பூனைக் கைத்தடியால் தட்டினார். அது ஃபோர்க் ஆயிற்று. மறுபடி தட்டினார், ஸ்பூன் ஆயிற்று. “பாத்தியாம்மா? போடவும் தெரியும், அவிழ்க்கவும் தெரியும். உன் வீட்டுக்காரர் ஒரு நொடி வேலை” என்றார்.

கண்டக்டரம்மா அவர் கையைப் பிடித்தாள். “ஐயா, வாங்க. இப்பவே போயிடலாம். ஹால்ல ஒருத்தரும் இல்ல. யாருக்கும் தெரியாது.”

மின்னலார் ஸ்பூனைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. உத்தரவில்லாமல் அவிழ்த்தால் பேரவையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்றார்.

“நீக்கினா நீக்கட்டுமே ஐயா. என்ன குறைஞ்சுபோச்சு?”

“உறுப்பினரா இல்லைன்னா எனக்கு இரங்கல் தீர்மானம் போட மாட்டாங்கம்மா.” ஸ்பூனைத் தள்ளிவைத்தார். “வாலிபத்துலேர்ந்து அதுக்காகத்தானே உட்கார்ந்திருக்கேன்.”

அவள் சூப்பை ஆற்றிக் கொடுத்தாள்.

கூட்டநாள் வந்தது. ஒருவரும் சாகவில்லை. கண்டக்டரம்மா அவர்களைப் பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரி கைபிடித்து ஒவ்வொருவராக ஹாலுக்குள் ஏற்றி, நாற்காலியில் உட்காரவைத்து, தலையை எண்ணிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பின்வரிசைக்குப் போகும் வழியில் ஸ்டாண்டைத் தொட்டுவிட்டுப் போனாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“முதல் அலுவல், இரங்கல் தீர்மானம்” என்று செயலாளர் ஆரம்பித்தார். பிறகு நிறுத்தினார். பக்கத்தில் பார்த்தார். எதிரில் பார்த்தார்.

“யாரு?” என்றார் தலைவர்.

“யாரும் இல்லீங்க.”

“நல்லா விசாரிச்சீங்களா?”

ஹாலில் ஒரு சலசலப்பு. மூன்றாவது வரிசையில் ஒருவர் தலை தொங்கி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் நம்பிக்கையோடு அவரைப் பார்த்தார்கள். செயலாளர் போய்த் தோளைத் தட்டினார். அவர் திடுக்கிட்டு எழுந்து “வழிமொழிகிறேன்” என்றார். நம்பிக்கை போயிற்று.

கண்டக்டரம்மா மெல்ல எழுந்து, யாரும் சாகாததால் நேராக அடுத்த விஷயத்துக்குப் போகலாமே என்றாள். செயலாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். முதல் படியில் கால் வைக்காமல் இரண்டாவது படியில் எப்படி வைப்பது என்று கேட்டார். இரங்கல் முதல் அலுவல். அது நடக்காமல் கூட்டம் ஆரம்பித்ததாகவே ஆகாது. ஆரம்பிக்காத கூட்டத்தில் அவள் எழுந்து பேசியதே தப்பு. நல்லவேளை, ஆரம்பிக்காததால் அது குறிப்பில் ஏறாது.

வாதம் வளர்ந்தது. வெளியாள் யாருக்காவது இரங்கலாமா என்று ஒருவர் கேட்டார். மட்டமான யோசனை என்று தள்ளப்பட்டது. போன மாதத்துக்காரருக்கே இன்னொருதரம் இரங்கலாமா என்றார் இன்னொருவர். ஒருவருக்கு இரண்டு இரங்கலா, மற்ற காலஞ்சென்றவர்கள் மனசு என்ன பாடுபடும் என்று தலைவர் கொதித்தார். ஒரு ஆளுக்கு ஒரே இரங்கல்தான் என்று அங்கேயே கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியில் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். விதியில் இரங்கல் நடக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. சாவு நடக்க வேண்டும் என்று இல்லை. ஆகவே மூப்பு அடிப்படையில் ஒரு உறுப்பினரைக் காலமானவராகக் கருதி அலுவலை நடத்தலாம்.

எல்லோரும் மின்னலாரைப் பார்த்தார்கள். மின்னலார் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார்.

அப்படி ஒரு இரங்கல் கூட்டத்தை அந்த ஹால் கண்டதில்லை. அவர் போன பிறகு இந்த உலகம் இருட்டாகிவிட்டது என்றார் தலைவர். அவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஆளில்லை என்றார் பறப்பார், அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவரையே பார்த்துக்கொண்டு. அவரிடம் ஆயுளில் பேசாத ஒரு எதிரி எழுந்து, தன்னுடைய ஒரே நண்பர் அவர்தான் என்று விம்மினார். மின்னலார் குலுங்கிக் குலுங்கி அழுதார். “இவ்வளவு பாசம் வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ போயிருப்பேனே” என்றார். மௌன அஞ்சலிக்கு அவரும் எழுந்து நின்றார். எல்லோரையும்விட நேராக நின்றார்.

பிறகு, மறைந்த உறுப்பினருக்கு மரியாதை செலுத்தும் விதமாகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் கண்டக்டரம்மா சூப்பை எடுத்துக்கொண்டு காலஞ்சென்றவரின் அறைக்குப் போனாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாறாத புன்னகையோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பு போட்டியாம்மா?”

“பிரஷர் இருக்கே ஐயா.”

“செத்தவனைப் பிரஷர் என்ன பண்ணும்? போடு.”

அவள் கிண்ணத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். “ஐயா, நீங்க ஆசைப்பட்டது கிடைச்சாச்சு. இரங்கல் முடிஞ்சுபோச்சு. இனிமே நீக்கினா உங்களுக்கு என்ன நஷ்டம்? வந்து ஒரு தட்டு தட்டிட்டு வந்துருங்க. கால்ல வேணா விழறேன்.”

மின்னலார் கைத்தடியை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். நல்ல மனசுதான் அவருக்கு. அது முகத்தில் வந்து வந்து போயிற்று.

“கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்கன்னா?” என்றார்.

அவள் செயலாளரிடம் போய் நின்றாள். செத்தவர் மந்திரத்தை அவிழ்க்கலாமா என்று கேட்டாள். செயலாளருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நன்றாக அவிழ்க்கலாம் என்றார். பேரவை உத்தரவு போட்டால் செத்தவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும். உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரு சுற்று இரங்கி முடித்துவிட்டால், அப்புறம் இரங்க ஆளே கிடையாது; முதல் அலுவல் தானாகவே பூர்த்தியாகிவிடும், நேராக அடுத்ததுதான். “அதுவரைக்கும் பொறுத்துக்குங்க. மின்னலாரை மட்டும் பத்திரமாப் பாத்துக்குங்க” என்றார். அவள் கும்பிட்டாள். எங்கே திரும்பினாலும் சுவராக இருந்தவளுக்கு ஒரு ஜன்னல் தெரிந்த மாதிரி இருந்தது.

மாதாமாதம் மந்திரவாதிகள் காலமானார்கள். அடுத்து யார் என்பதில் பெரிய அடிதடி. தனக்கு முன்னால் இளையவர் ஒருவரைக் காலமாக்கிவிட்டார்கள் என்று பறப்பார் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவரைக் காலமாக்குவதாக வாக்குக் கொடுத்துத்தான் சாப்பிடவைக்க வேண்டியிருந்தது. இறந்த பிறகு எல்லோருக்கும் உடம்பு தேறிவிட்டது. கவலையில்லை, பேச வேண்டிய நல்லதையெல்லாம் கேட்டாகிவிட்டது. நடக்கக் கூப்பிட்டால் “செத்தவனை ஏம்மா நடக்கச் சொல்ற?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். விசில் ஊதி ஊதி அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

மின்னலார் மட்டும் அவளுக்கு அடங்கவேயில்லை. உப்பு, கேக், அதன்மேல் க்ரீம். பிடுங்கினால், உயிரோடிருந்தபோது உன் பேச்சைக் கேட்டேன், இப்போது ஏன் கேட்க வேண்டும் என்று வாதாடினார். மாமியார் கைக்கண்ணாடியோடு காவலிருந்தாள். அவளுக்கும் வயதாகிறது, அவளும் சிலநேரம் கண்ணசந்தாள்.

கடைசியாகத் தலைவரும் காலமானார். அவரே தலைமை தாங்கித் தனக்கு இரங்கல் வாசித்துக்கொண்டார். இடையில் ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சுற்று முடிந்தது. அடுத்த கூட்டத்தில் கண்டக்டரம்மாவின் விஷயம்.

அந்தக் கூட்டத்தன்று காலையில் அவள் வீட்டுக்காரரின் நல்ல சட்டை, பேன்ட்டை இஸ்திரி போட்டு ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். மாறியதும் உடுத்த வேண்டுமே. மின்னலாரைக் கூட்டிப்போக அவர் அறைக்குப் போனாள். மாமியார் முக்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மின்னலார் ஜன்னலோரத்தில். மடியில் கேக் தட்டு. கையில் ஸ்பூன்.

“ஐயா, நேரமாச்சு.”

மாமியார் திடுக்கிட்டு விழித்துக் கைக்கண்ணாடியைப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். கிள்ளிப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி பிடித்தாள். கண்டக்டரம்மா அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

“விடுங்க அத்தை.”

அவள் ஓடினாள். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மின்னலார் இறந்துவிட்டார் என்று வாசலிலிருந்தே சொன்னாள்.

“தெரியுமே” என்றார் செயலாளர். “போன வருஷமே.”

“இல்லீங்க. இப்ப. நிஜமா.”

காலமான உறுப்பினர் காலமாவது எப்படி என்று தலைவர் விளக்கம் கேட்டார். அப்படியே ஆகியிருந்தாலும் ஒருவருக்கு ஒரே இரங்கல்தான் என்று அவரே முன்பு தீர்த்துச் சொன்னதைச் செயலாளர் நினைவூட்டினார். ஆகவே இரங்கல் எதுவும் நிலுவையில் இல்லை. ஆகவே ஒத்திவைப்பும் இல்லை. ஹாலில் மெல்ல ஒரு பரபரப்பு பரவியது. தூங்கியவர்களை மற்றவர்கள் எழுப்பினார்கள். செயலாளர் எழுந்து நின்றார்.

“இரண்டாவது அலுவல்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை.

பேரவை தன் பழைய மிடுக்குக்குத் திரும்பியது. ஒரு எளிய எலக்ட்ரீஷியனின் துயரத்தை எண்ணித் தான் தூங்காத இரவுகளைப் பற்றிப் பறப்பார் பேசினார். தாமதிக்கப்பட்ட நியாயமும் நியாயம்தான், சொல்லப்போனால் பழுத்த நியாயம் என்றார் இன்னொருவர். கண்டக்டரம்மா ஸ்டாண்டின் பக்கத்தில் நின்றாள். கை வைக்கவில்லை. வைக்காமல் இருக்கிறவரைக்கும் நல்லது என்று தோன்றியது. அப்புறம் வைத்தாள். மேஜையைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மின்னலார் உடனடியாகப் பேரவை முன் வந்து, தான் கட்டிய மந்திரத்தை அவிழ்க்க வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். மரியாதையான நேரம்வரை பார்த்தார்கள்.

“வருவார்” என்றார் தலைவர். “அவர் பேரவை உத்தரவை மீறினதே கிடையாது.” பிறகு அவளைப் பார்த்து, கனிவாக, “அம்மா, நீங்க கேட்டதை முழுசாக் கொடுத்துட்டோம். இதுக்குமேல ஒரு பேரவை என்ன செய்ய முடியும், சொல்லுங்க?” என்றார். சொல்வதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒருவரையொருவர் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அவளிடம் வந்து ஒரு சலுகை சொன்னார். தீர்மானம் நிறைவேறிவிட்டதால் இந்தக் கணத்திலிருந்து அது பேரவையின் ஸ்டாண்டு அல்ல, சட்டப்படி அவளுடைய வீட்டுக்காரர். ஒரு மனுஷரை அவர் சம்மதமில்லாமல் பேரவையில் வைத்திருப்பது குற்றம். ஆகவே இன்றே எடுத்துக்கொண்டு போய்விடலாம். குடைகளை அவரே கழற்றிக் கொடுத்தார். ஒவ்வொன்றாகத் தரையில் போட்டார்.

மாமியார் ஒருபக்கம், அவள் ஒருபக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். சட்டை, பேன்ட் இருந்த பை அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. வந்த பஸ்ஸில் அவளோடு வேலைபார்க்கும் கண்டக்டர்தான் இருந்தார். ஏற்றிவிடக் கைகொடுத்தார். கூட்டம் ஒதுங்கி இடம்விட்டது. மாமியாருக்கு யாரோ எழுந்து சீட் கொடுத்தார்கள். கண்டக்டரம்மா கம்பியை ஒரு கையாலும் ஸ்டாண்டை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு திருப்பத்தில் அது இடதுபக்கமாகச் சாய்ந்தது. பஸ் திரும்பினால் எதுவும்தான் சாயும்.

“லக்கேஜ் போட்டுடவாக்கா?” என்று கேட்டார் கண்டக்டர், டிக்கெட்டை விரலால் தள்ளிக்கொண்டே.

“ஆள் டிக்கெட் போடு.”

அவர் ஸ்டாண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்கும் ஓடும் பஸ்ஸில் எல்லாவற்றையும் பார்த்துப் பழக்கம். ஒன்றும் கேட்காமல் ஒரு முழு டிக்கெட்டைக் கிழித்தார்.

“எங்கக்கா இறங்குறார்?”

“அவர் இறங்க மாட்டார்” என்றாள் கண்டக்டரம்மா. “நாங்கதான் இறக்கணும்.”